முன்னால மட்டும் போ

வாரிக்கும் நானும் கடலிலிருந்து திரும்பி வந்தபோது அவன் காரோடு இழுத்துப்போகும் கேரவனுக்கு முன்னால் இருந்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. காலையில் விரிந்திருந்த நிழல்துணி சுருண்டு கூரையோரம் ஏறியிருந்தது. தண்ணீர்க் குழாய் வளையமாகச் சுற்றப்பட்டு ஒரு வாளிக்குள் கிடந்தது. அவன் உட்காரும் நாற்காலி மடிந்து கார் டிக்கிக்குள் போய்விட்டது. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை நோலீன் குனிந்து உருவிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் எங்கள் கடலோர ஊரான ஸ்ட்ரீக்கி பேவுக்கு வந்து மூன்று நாள்கூட முழுசாக ஆகவில்லை.

"என்ன நோல், தீ கீ பிடிச்சுதா?" என்றான் வாரிக்.

"காத்து திரும்புதாம். ரேடியோல சொன்னான். இப்பவே கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு செடூனா போயிடலாம்."

"காத்து திரும்பினா மீன் நல்லாப் படும். இல்லையா ஸ்டாவ்?"

ஸ்டாவ் என்பது நான்தான். கல்யாணமானவர்களுக்கு நடுவில் மீனைப் பற்றிக்கூடக் கருத்துச் சொல்லக்கூடாது என்று என் மனைவி இருந்த காலத்திலேயே கற்றுக்கொண்டவன் நான். வாளியைத் தூக்கிக்கொண்டு மீன் கழுவும் மேடைக்குப் போனேன். மேடை அவர்கள் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. அது என் குற்றமில்லை.

மனைவி காலமானபிறகு வீட்டை மகனிடம் விட்டுவிட்டு இந்த கேரவன் பார்க்கிலேயே நான் நிரந்தரமாகத் தங்கிவிட்டேன். வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. வெயில் தணியும் மாதங்களில் தலைநரைத்த ஜோடிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும். வாரிக்கும் நோலீனும் ஆறு வருஷமாக வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அவ்வளவு குறைந்த நாட்களை ஒட்டுப்போட்டே வாரிக்கும் நானும் சிநேகிதர்களாகிவிட்டோம்.

அவன் ரயில் ஓட்டியவன். பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் கோதுமை ஏற்றிப்போகும் சரக்கு வண்டிகளில் வேலைக்காலம் முழுக்க நின்றே ஓட்டி, முட்டி தேய்ந்து, இடது காதையும் இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். ஓய்வு பெற்ற மாதமே கேரவனை வாங்கினான். ஹார்ஷம் ஊரில் அவர்கள் வீட்டை விட்டு முதல் தடவை கிளம்பியபோது நோலீன் அழுதாளாம். குழாயை மூடினோமா, அடுப்பை அணைத்தோமா என்று ஊர் எல்லைக்குள்ளேயே இரண்டு தடவை வண்டியைத் திருப்பச் சொன்னாளாம். இது அவனே சொன்னது. நம்புவது கஷ்டம். ஏனென்றால் எனக்குத் தெரிந்த நோலீன் டீயை நின்றுகொண்டு குடிக்கிறவள். சீட்டாட உட்கார்ந்தால் அரை ஆட்டத்தில் எழுந்துபோய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வீட்டையும் அவள்தான் விற்கச் சொன்னாள். கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்காகவே வருஷத்தில் இரண்டு தடவை அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்றாள்.

நான் முதல் மீனின் செதிலைச் சுரண்டும்போது வாரிக்கின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை.

"நான் வரல, நோல்."

"வரலன்னா?"

"வரலன்னா வரல. நீ போயிட்டு வா."

அவள் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "முட்டி வலியா?"

"முட்டி எப்பவும்தான் வலிக்குது. அது இல்ல. வெள்ளிக்கிழமை கணவாய் மீன் பிடிக்க வரேன்னு ஸ்டாவ்கிட்ட சொல்லிட்டேன். ஆறு வருஷமா ஒவ்வொரு ஊர்லயும் யார்கிட்டயாவது வெள்ளிக்கிழமைன்னு சொல்றேன். ஒரு வெள்ளிக்கிழமையும் நான் அங்க இருந்ததில்ல."

"ஒரு கணவாய்க்காகவா?"

"கணவாய்க்காக இல்ல. வெள்ளிக்கிழமைக்காக."

நோலீன் கையிலிருந்த கட்டையைத் தரையில் போட்டாள். "சரி. அப்ப நான் தனியாப் போறேன்."

"போ."

"போவேன். சும்மா சொல்றேன்னு நினைக்காத."

"நானும் சும்மா சொல்லல. போ."

நாற்பத்துச் சொச்ச வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் கத்திச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்களோ பயங்கர மரியாதையோடு சாமான் பிரிக்க ஆரம்பித்தார்கள். பார்க்கில் வாடகைக்கு விடும் சின்ன அறைவீடுகளில் ஒரு கேபின் காலியாக இருந்தது. வாரிக் அலுவலகத்துக்குப் போய்ச் சாவி வாங்கி வந்தான். தலையணை, சட்டைகள், தூண்டில்கள், மாத்திரை டப்பா எல்லாம் கேபினுக்குப் போயின. நல்ல வாணலி ஒன்றுதான் இருந்தது. "நீ வச்சுக்கோ, மீன் பொரிக்கணுமே" என்றாள் அவள். "நீ முட்டையை எதுல பொரிப்ப, எடுத்துட்டுப் போ" என்றான் அவன். வாணலி இரண்டு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. கடைசியில் என்னிடம் இரண்டு வாணலி இருக்கிறது என்று நான் பொய் சொல்லவேண்டியதாயிற்று. அது அவளோடு போனது.

நேரான சாலையில் கேரவனை இழுத்துக்கொண்டு அவள் ஓட்டியிருக்கிறாள். அவனுக்குத் தூக்கம் வரும்போது. ஆனால் தனியாகக் கொக்கி மாட்டியதில்லை. ரிவர்ஸ் எடுத்ததே இல்லை. ஒவ்வொரு ஊரிலும் அவன் ரிவர்ஸ் எடுப்பான். அவள் பின்னால் நின்று, இடது, வலது, நில்லு, நில்லுன்னா நில்லு என்று கத்துவாள். ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது என்பதை அவள் அப்போது நினைவுபடுத்தாமல் இருந்ததில்லை.

வாரிக் கொக்கியை மாட்டினான். சங்கிலியைக் குறுக்காகப் போட்டான். விளக்குகளை எரியவிட்டுச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"ரிவர்ஸ் எடுக்காத. முன்னால மட்டும் போ. பின்னால வரவேண்டியிருக்கும்னு தோணுற இடத்துக்குப் போகவே போகாத."

"தெரியும்."

"பெட்ரோல் போடும்போது ஓரத்துப் பம்புக்குப் போ."

"தெரியும் வாரிக்."

அவள் போய்விட்டாள். பார்க் வாசலின் கம்பத்தில் கேரவன் உரசாமல் போகிறதா என்பதை நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். உரசவில்லை.

அடுத்து நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். நானும் அதை அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

செடூனாவுக்கு அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டாள். ஆனால் சாப்பிட நிற்கவில்லை. பெனாங் தாண்டிக் கோதுமைக் குதிர்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது என்றாள். பக்கத்து இருக்கையில் யாரும் தூங்கவில்லை. யாருக்கும் சிறுநீர் வரவில்லை. அவள் சத்தமாகப் பாடினாள். பாட்டு முடிந்ததும் வண்டிக்குள் ஒரு மாதிரி அமைதி வந்தது. அதைத் துரத்த இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனாள். இரவு ஒரு நெடுஞ்சாலைக் கடைக்குப் பின்னால் லாரிகளுக்கு நடுவே நிறுத்தித் தூங்கிவிட்டு, விடிந்ததும் ஃபவுலர்ஸ் பே பக்கமாகக் கடலைப் பார்க்கத் திரும்பினாள். மண்சாலையிலிருந்து ஒரு கிளைத்தடம் பிரிந்தது. டயர் தடங்கள் புதிதாக இருந்தன. தடம் கடலுக்குத்தான் போகும், போன இடத்தில் சுற்றித் திரும்ப இடமிருக்கும் என்று நினைத்தாள்.

தடம் ஒரு மணல்மேட்டின் அடியில் முடிந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர். டயர் தடங்கள் மேட்டின் மேலேறி மறைந்தன. கேரவன் இல்லாத எவனோ போயிருக்கிறான்.

முன்னால் போக வழியில்லை. ரிவர்ஸ் எடுத்தாள். கேரவன் கத்தி மடிவதுபோல் மடிந்தது. முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை மறுபக்கம் மடிந்தது. மூன்றாவது தடவையில் காரின் பின்சக்கரம் மணலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. நெடுஞ்சாலை எவ்வளவு தூரம் பின்னால் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த மணலில் நடந்துபோகும் தூரமில்லை.

டீ போட்டாள். நின்றுகொண்டு குடித்தாள். வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஒரு ஈமு கோழி புதருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது. வெயில் ஏறியது. கால் வலித்தது. டிக்கியைத் திறந்தபோது வாரிக்கின் நாற்காலி இருந்தது. அவனிடம் கொடுக்க இருவருமே மறந்திருந்தார்கள். சாய்ந்துகொள்ளும்படியான, கைப்பிடியில் கோப்பை வைக்கக் குழி உள்ள நாற்காலி. அதை அவன் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கினான். அவள் ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. வேறு வழியில்லாமல் அதைக் கேரவனின் நிழலில் விரித்து உட்கார்ந்தாள்.

நோலீன் முப்பது வருஷத்துக்குப் பக்கம் ஹார்ஷமில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தவள். புதிதாக வருகிறவர்களின் துணிகளில் பெயர்ப்பட்டை தைப்பது அவள் பொறுப்பு. ஆரம்பத்தில் அவர்களே சலவைக் கூடத்துக்கு நடந்து வந்து, தங்கள் கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகள் ஒரு நல்ல நாற்காலி வாங்கிவந்து ஜன்னலோரம் போடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சலவைக் கூடத்துக்கு வருவது நின்றுவிடும். யார் யார் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதை ஆளைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். பாவாடையின் கீழ்விளிம்பு புதிதாகவே இருக்கும். முதுகுப் பக்கமும் முழங்கையும் மட்டும் நைந்துபோயிருக்கும். அப்படி நைந்த துணிகளை முப்பது வருஷம் மடித்து வைத்தாள்.

வாரிக் அந்த நாற்காலியைக் கடையிலிருந்து தூக்கி வந்து, "பாரு நோல், மேகத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று சொன்ன அன்றைக்கு அவளுக்கு நினைவுக்கு வந்தது அந்த ஜன்னலோர நாற்காலிகள்தான். மறுநாள் காலையிலேயே அந்த ஊரை விட்டுக் கிளம்பவேண்டும் என்றாள். வீட்டை விற்கச் சொன்னதும் அந்த மாதம்தான்.

இப்போது அதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. நிழல் கேரவனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக ஆரம்பித்தது. நாற்காலி வசதியாக இருந்தது என்பதுதான் அவளுக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது. கொஞ்சம் தூங்கியும்விட்டாள்.

விழித்தபோது நிழல் கால்வரைக்கும் விலகியிருந்தது. எழுந்தாள். வாணலியை எடுத்துக்கொண்டு வந்து பின்சக்கரத்தைச் சுற்றி மணலை வாரினாள். டயர்களில் காற்றை இறக்கினாள். வாரிக் செய்வதைப் பார்த்திருக்கிறாள். பிறகு பின்னால் போய் நின்று பார்த்தாள். ஆறு வருஷமாக அவள் நின்ற இடம் அது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பினால் கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போகும் என்பது அங்கே நின்று பார்த்தால் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரியாதது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான்.

"இடது," என்று சத்தமாகச் சொன்னாள். "கொஞ்சமா. ரொம்பக் கொஞ்சம்."

ஓடிப்போய் ஏறி, அவள் சொன்னதை அவளே கேட்டு ஓட்டினாள். ஒரு ஆள் நீளம் பின்னால் வந்தது. இறங்கிப் பின்னால் ஓடினாள். "நேரா. நில்லு. இப்ப வலது." மறுபடி ஏறினாள். வாரிக்கைத் திட்டும் எல்லா வசையாலும் தன்னையே திட்டிக்கொண்டாள். கண்ணு எங்க இருக்கு, நான் சொல்றது காதுல விழுதா இல்லையா, உனக்குத் தண்டவாளம் போட்டுத் தரணுமா. அப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி, சாயங்கால வெயில் புதர்மேல் மஞ்சளாக விழும்போது கேரவன் மண்சாலையைத் தொட்டது.

அப்போதுதான் ஒரு வண்டி வந்தது. நாயோடு ஒரு பண்ணைக்காரர். "உதவி வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், முடிஞ்சுது."

அவர் தடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த வாணலியைப் பார்த்தார். "இதுலயா பின்னால வந்தீங்க?"

"ஆமா."

"சரி," என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த 'சரி'யை அவள் எங்களிடம் பலமுறை சொல்லிக் காட்டினாள்.

மறுநாள் காலை பெனாங்கிலிருந்து அவள் கூப்பிட்டபோது வாரிக்கும் நானும் மீன் மேடையில் நின்றோம். அவனுக்குக் காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்.

"வாரிக், நான் ரிவர்ஸ் எடுத்தேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "எங்க?"

"மணல்ல."

"எவ்வளவு தூரம்?"

"போதும் போதும்னு ஆகுற தூரம்."

"காத்த எறக்குனியா?"

"எறக்கினேன். திரும்ப அடிச்சுட்டேன். அதுக்குத்தான் பெனாங் வந்தேன்."

"எதுலயும் இடிக்கலையே?"

"இல்ல."

அவன் செதில் ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இங்க வர்றியா?"

"யூக்லா வரைக்கும் போயிட்டு வரேன்."

"அதைத்தான் ரெண்டு தடவை பாத்தாச்சே."

"நீ ஓட்டிப் பாத்தாச்சு. நான் ஓட்டிப் பாக்கல."

அவள் வைத்தபிறகு அவன் ரொம்ப நேரம் அந்த ஒரே மீனைச் சுத்தம் செய்தான். கேட்கும் எல்லோரிடமும் அன்றைக்குச் சொன்னான், தன் பெண்டாட்டி மணலில் ரிவர்ஸ் எடுத்த கதையை. சாயங்காலத்துக்குள் அந்தத் தடம் இரண்டு மடங்கு நீண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கணவாய் பிடிக்கப் போனோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனோம். ஊரில் எந்தப் படகு யாருடையது, ரொட்டிக் கடைக்காரியின் மருமகன் ஏன் பேசுவதில்லை, எல்லாம் அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தான். ஆனால் தூங்கவில்லை. "வெளிய அவ்வளவு காத்து அடிக்குது, கேபின் ஆடவே மாட்டேங்குது ஸ்டாவ்" என்றான். படகில் உட்கார்ந்திருக்கும்போது கைபேசியை எடுத்து எடுத்துப் பார்ப்பான். பாலராட்டிலிருந்து மகள் கெர்ரின் கூப்பிட்டு ஒருநாள் காய்ச்சி எடுத்தாள்.

"என்னப்பா இது? பஸ்ல குடையை மறந்த மாதிரி உன்னை அங்க விட்டுட்டுப் போயிருக்காங்க அம்மா. ரெண்டு பேருக்கும் எழுபது வயசு."

"அம்மாவுக்கு அறுபத்தொன்பது."

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டீங்களா?"

"இல்லையே. அவ யூக்லா போயிருக்கா."

அவள் திரும்பி வந்த அன்று பார்க்கில் இருந்த எல்லோரும் நாற்காலியோடு வெளியே வந்துவிட்டார்கள். யாராவது ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதுதான் எங்களுக்கு சினிமா. பீர் பாட்டில்கள் திறந்தன. வாரிக் கேரவன் நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்றுகொண்டு, ஸ்டேஷனுக்குள் வண்டி வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் ஆட்டினான். இடது என்று வாய் சொன்னது, கை வலது காட்டியது.

நோலீன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "வாரிக், தள்ளு. மறைக்கிற."

முதல் தடவை கொஞ்சம் கோணியது. முன்னால் இழுத்து, இரண்டாவது தடவையில் கோடுகளுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள். எங்கிருந்தோ ஒருவர் கை தட்டினார். வாரிக் அவளைக் கட்டிக்கொள்ளப் போனவன், முதலில் கொக்கியைத்தான் குனிந்து பார்த்தான்.

அன்று சாயங்காலம் நான் கிழங்கான் மீன் பொரித்தேன். அவள் நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள். செடூனாவில், பழப்பூச்சி வராமலிருக்க வெளிப் பழங்களை உள்ளே விடாத சோதனைச் சாவடியில், ஆப்பிள்களைக் குப்பைத் தொட்டியில் போட மனமில்லாமல் சாலையோரம் நின்று எல்லாவற்றையும் தின்றதால் வயிறு சரியில்லை என்றாள். மணல் கதையைச் சொன்னாள். நாற்காலிக் கதைக்கு வந்தபோது வேகம் குறைந்தது. சலவைக் கூடத்தையும், கீழ்விளிம்பு புதிதாக இருக்கும் பாவாடைகளையும் சொன்னாள். வாரிக் தலையைச் சாய்த்து நல்ல காதை அவள் பக்கம் வைத்துக் கேட்டான்.

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே நோல்."

"சொன்னேன். வண்டியில போகும்போது எத்தனையோ தடவை ஆரம்பிச்சேன். நீ ஓட்டும்போது நான் உன் இடது பக்கம்."

அவன் கையால் அந்த இடது காதைத் தொட்டுப் பார்த்தான். நான் மீனைத் திருப்பினேன்.

"நான் அந்த நாற்காலிய வாங்கினது வேற விஷயத்துக்கு," என்றான் பிறகு. "மர்ட்டோவா, டிம்பூலா, ஸ்டாவெல், ரயில் போற எல்லா ஊரும் எனக்குத் தெரியும்னு நினைப்ப. எனக்குத் தெரிஞ்சது ஊரோட முதுகு மட்டும்தான். கொல்லையில காயுற துணி, கோழிக்கூண்டு, பல் தேச்சுக்கிட்டு நிக்கிற ஆள். நாப்பது வருஷம் அந்த ஆளுங்களுக்குக் கை ஆட்டியிருக்கேன். ஒருத்தன் பேரும் தெரியாது. எறங்கணும், எறங்கி உட்காரணும், அவன் பேர் என்னன்னு கேக்கணும். அதுக்குத்தான் கேரவனே வாங்கினேன். நீ என்னடான்னா என்னை மறுபடியும் கையை ஆட்ட வச்சுட்ட."

"அத நீ சொன்னதில்ல."

"நீ கேக்கல."

"நான் கேட்டிருந்தா உனக்குக் கேட்டிருக்காது," என்றாள் நோலீன். மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்து போனாள். வாரிக் நொண்டிக்கொண்டு பின்னால் போனான். அவள் வேகத்தைக் குறைத்தாளா என்று நான் பார்க்கவில்லை.

அந்தத் தடவை அவள் ஒரு வாரத்துக்கும் மேல் இருந்தாள். அதில் பாதி நாள் கேரவனுக்கு அடியில் படுத்து எதையாவது முடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலை நிழல்துணி சுருண்டது. கிழக்கே ஃப்ளிண்டர்ஸ் மலைப்பக்கம் போகிறேன் என்றாள். அதே வாரம் வாரிக்குக் கடைவாய்ப் பல் உடைந்திருந்தது. செடூனாவில்தான் பல் வைத்தியர். அவளுக்கு அது சுற்று வழி. இருந்தாலும் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். பஸ்ஸில் திரும்பி வரத் துணைக்கு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஸ்மோக்கி பே பலகை தெரிந்ததும் வாரிக், "இங்க கொஞ்சம் நிக்கலாமா?" என்று கேட்டான். அவள் என்னைக் கண்ணாடியில் பார்த்தாள். வண்டியை ஊருக்குள் திருப்பினாள். அவன் இறங்கி, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் போய்ப் பெயர் கேட்டு, அவள் வாளியைப் பார்த்து, அவள் கொடுத்த சிப்பியை உடைத்துத் தின்று, பல் வலியில் துள்ளி, மறுபடி பேசி, நேரம் போனது. நோலீன் சாவியைக் காரின் கூரையில் தட்டிக்கொண்டு நின்றாள். கடற்கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் போய் வந்தாள். மறுபடியும் போய் வந்தாள். ஆனால் அவனைக் கூப்பிடவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்தச் சாவிச் சத்தத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அதிலிருந்து இப்படித்தான் போகிறது. இது இரண்டாவது குளிர்காலம். அவன் கேபினை மாதக் கணக்கில் எடுத்துவிட்டான். அவள் போகிறாள், வருகிறாள். சில தடவை இரண்டு நாள், சில தடவை பத்து நாள். அவனும் சில சமயம் ஏறிப்போய், ஏதாவது ஊரில் இறங்கி, அங்கே யாருடனாவது சிநேகமாகிவிட்டு, பஸ்ஸில் திரும்பி வருகிறான். பார்க்குக்குப் புதிதாக வருகிறவர்கள் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்பதுண்டு, அந்த அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்களாமே என்று. ஆமாம், அடிக்கடி விட்டுவிட்டுப் போவாள் என்று சொல்வேன்.

நேற்று அவள் போர்ட் ஆகஸ்டாவிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். இன்று காலையில் நான் படகைத் தள்ளும்போது வாரிக் கையில் துடைப்பத்தோடு நின்றான். கேரவன் நிற்கும் இடத்திலிருந்த சருகுகளைக் கூட்டி முடித்து, சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தான்.

"நான் இன்னைக்குக் கடலுக்கு வரல ஸ்டாவ்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை," என்றேன்.

"தெரியும். அவ வர்ற நேரத்துல நான் கரையில இருக்கணும்."

"எப்ப வர்றாளாம்?"

"சொல்லல." அவன் வாசல்வரைக்கும் நடந்துபோய்ச் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

நான் தனியாகப் போனேன். கடலில் காற்று திரும்பியிருந்தது. நல்ல மீன் பட்டது.